நிமிடத்துக்கு ஒரு சொட்டு

மார்ச் 3, செவ்வாய்

இன்றும் என் மனைவியின் பைக்கில் செயின் கழன்றுவிட்டது. மாட்டுப் பண்ணைகளுக்குப் போகும் மண் சாலையில், ஏற்றத்தின் நடுவில். ஆள் நடமாட்டமே இல்லாத இடத்தில் கால்நடை டாக்டரம்மா தரையில் உட்கார்ந்து, முழங்கை வரை கறுப்பாக்கிக்கொண்டு, தானே மாட்டியிருக்கிறாள். அதைச் சொல்லும்போது அவளுக்குச் சிரிப்பு. எனக்கு வரவில்லை.

எலும்பு முறிவு வார்டில் இருபது வருடமாக நர்ஸ் நான். இன்று பதினாறு கட்டிலில் பதினொன்று பைக்கில் விழுந்தவர்கள். இவள் தினமும் எழுபது கிலோமீட்டர் ஓட்டுகிறாள். வேலையை விடு என்று ஒருமுறை சொல்லிப் பார்த்தேன். "நீங்க ஆஸ்பத்திரிய விடுங்க, அங்கதான் நோய் ஜாஸ்தி" என்றாள்.

தூசியில் செயின் காய்ந்துபோவதுதான் காரணம். தினமும் எண்ணெய் விட வேண்டும், விட மாட்டாள். வண்டி ஓடும்போதே தானாக எண்ணெய் விடும் கருவி இருக்கிறதாம். கடையில் இல்லை. நானே செய்தால் என்ன?

மார்ச் 8, ஞாயிறு

முடித்துவிட்டேன். சலைன் ஏற்றும் குழாய் ஒன்று. வார்டில் எடுத்ததில்லை, மருந்துக் கடையில் வாங்கியது. அந்தப் பழி வேண்டாம். எஞ்சினை ஒட்டி, காற்றுப் படாத இடத்தில் ஒரு சின்ன பாட்டிலைக் கட்டி, கெட்டியான கியர் எண்ணெய் ஊற்றினேன். குழாயைப் பின்சக்கரம் வரை கொண்டுபோய், நுனியைப் பல்சக்கரத்தின் மேல் நிறுத்தினேன். சொட்டு அங்கே விழுந்தால் சுற்றும் வேகத்தில் செயின் முழுக்கப் பரவும்.

சொட்டை எண்ணுவது எனக்குக் கைவந்த கலை. காலைக் குளிரில் வாட்சைப் பார்த்துக்கொண்டே, குழாயில் சொட்டின் வேகத்தைக் கூட்டிக் குறைக்கும் உருளையைத் திருகினேன். நிமிடத்துக்கு ஒரு சொட்டு. குழாயில் தனியாக ஒரு கிளிப்பும் மாட்டினேன். வண்டியை நிறுத்தும்போதெல்லாம் கிளிப்பை அழுத்தி மூடு, எடுக்கும்போது திற, உருளையை மட்டும் தொடாதே என்றேன்.

சுற்றிச் சுற்றிப் பார்த்தாள். "செயினுக்கு குளுக்கோஸ் ஏத்துறீங்களா? எப்ப டிஸ்சார்ஜ்?"

ஆனாலும் முகத்தில் சந்தோஷம் தெரிந்தது. எனக்கும்தான்.

மார்ச் 12

நான்கு நாளாகச் செயினில் சத்தமே இல்லை. ஆபீசில் எல்லோரிடமும் காட்டிப் பெருமையடித்திருக்கிறாள்.

மார்ச் 19, வியாழன்

மதியம் ஒன்றரைக்கு ஒரு பண்ணைக்காரர் போன் செய்தார். "பதறாதீங்க சார், டாக்டரம்மா வளைவுல விழுந்துட்டாங்க. பேசுறாங்க, நல்லாதான் இருக்காங்க."

பேசுகிறார்கள் என்று சொல்லித்தான் எங்கள் வார்டுக்கும் கொண்டுவருவார்கள். எப்படிப் போய்ச் சேர்ந்தேன் என்று நினைவில்லை. இடது மணிக்கட்டு எலும்பு முறிவு. தோளில் சிராய்ப்பு. தலைக்கு ஒன்றுமில்லை. ஒன்றுமில்லை. கட்டுப் போடும்போது அவள் கையைப் பிடித்துக்கொண்டது நான்தான்.

"தினமும் போற வளைவுங்க" என்று திரும்பத் திரும்பச் சொல்கிறாள். "ஸ்பீடு கூட இல்ல. வண்டி அப்படியே வழுக்கிக்கிட்டுப் போச்சு."

மார்ச் 20, வெள்ளி

காலையில் பண்ணைக்காரர் வண்டியை வேனில் ஏற்றிவந்து இறக்கிவிட்டுப் போனார். பின்டயரைப் பார்த்தேன்.

செயின் இருக்கும் பக்கம், இடது ஓரம் முழுக்கப் பளபளவென்று இருந்தது. விரலை வைத்தேன். எண்ணெய்.

அவள் உள்ளே தூங்கிக்கொண்டிருந்தாள். மண்ணெண்ணெயும் சோப்பும் போட்டுக் கழுவினேன். பாட்டிலையும் குழாயையும் பிடுங்கி எடுத்தேன். எழுந்துவந்து, "அது எங்கே?" என்று கேட்டாள். விழுந்ததில் உடைந்துபோச்சு என்றேன். முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைத்தாயிற்று. ஏன் இப்படிச் செய்தேன்? யோசித்துச் செய்யவில்லை. கை தானாகச் செய்தது என்று எழுதினால் அதுவும் பொய்.

மார்ச் 21

ஆனால் ஏன் அவ்வளவு எண்ணெய்? அவள் உருளையைத் தொடவில்லை. நான் வைத்த இடத்திலேயேதான் இருந்தது. ஒருமுறை கூட மூட மறந்ததில்லை என்கிறாள். அவள் மறக்கிறவளும் இல்லை.

அதே பாட்டில், அதே குழாய், அதே அளவு. மொட்டைமாடியில் ஆணியில் தொங்கவிட்டுக் காலை ஏழு மணிக்கு எண்ணினேன். நிமிடத்துக்கு ஒன்று. மதியம் ஒரு மணிக்கு வெயிலில் எண்ணினேன்.

நான்கு.

எஞ்சின் சூடும் சேர்ந்தால் ஐந்தாறு கூட இருக்கும். சலைன் தண்ணீர் மாதிரி. வெயிலோ குளிரோ, வார்டில் ஒரே அளவில்தான் சொட்டும். எண்ணெய் சூட்டில் இளகும் என்பது சமையல் செய்கிற யாருக்கும் தெரியும். இருபது வருடம் சொட்டு எண்ணியவனுக்குத் தெரியவில்லை. கண் கெட்ட பிறகு சூரிய நமஸ்காரம்.

மார்ச் 23, திங்கள்

ஒரு கையால் முடியாது என்பதால் தினமும் காலையில் நான்தான் தலை வாரிவிடுகிறேன். இன்று சீப்பு ஓடிக்கொண்டிருக்கும்போது சொன்னாள்: "எனக்கு நாப்பத்தாறு ஆச்சு. கை முன்ன மாதிரி இல்ல போல. பசுவுக்குள்ள கையை விடும்போது இப்படித் தப்பாயிட்டா? தலைமை ஆபீஸ்ல ஃபைல் பாக்குற வேலை காலியா இருக்கு. கேட்டுடலாம்னு இருக்கேன்."

பழம் நழுவிப் பாலில் விழுந்தது போல இருந்தது எனக்கு. இனி மண் சாலை இல்லை, வளைவு இல்லை. எத்தனை வருடம் ஆசைப்பட்டேன். "உன் இஷ்டம்" என்றேன். அந்தக் குரலில் இருந்த நிம்மதி எனக்கே கேட்டது. கூசுகிறது.

மார்ச் 24

மெக்கானிக் வண்டியை எடுக்க வந்தார். குனிந்து டயர் ஓரத்தைத் தடவி, மோந்து பார்த்தார்.

"மண்ணெண்ணெய் வாசம் அடிக்குதே சார். டயரை யாராவது மண்ணெண்ணெய்ல கழுவுவாங்களா?"

சேறாக இருந்தது என்றேன். மூன்று வாரமாக மழையே இல்லை. அவர் என்னை ஒருமுறை பார்த்தார், பிறகு வண்டியைத் தள்ளிக்கொண்டு போனார். குற்றமுள்ள நெஞ்சு குறுகுறுக்கும் என்பது சரிதான். அவர் அவளிடம் சொல்லிவிடுவாரோ? சொல்லிவிட்டால் நல்லதுதானே என்றும் தோன்றுகிறது. கோழை.

மார்ச் 26, வியாழன்

கடிதம் எழுதிவிட்டாள். பண்ணைப் பணிக்கு உடல்தகுதி இல்லை, அலுவலகப் பணி வேண்டும் என்று மூன்றே வரி. விண்ணப்பிக்கத் திங்கட்கிழமை கடைசி நாளாம். "ஆபீஸ்ல குடுத்துடுங்க" என்று என் கையில் கொடுத்தாள். பிறகு ஜன்னல் பக்கம் திரும்பி, வலது கையை நீட்டி, விரல் நடுங்குகிறதா என்று பார்த்துக்கொண்டிருந்தாள். ரொம்ப நேரம்.

நடுங்கவில்லை. பாறை மாதிரி இருந்தது அந்தக் கை.

மார்ச் 27

கடிதம் இன்னும் பையில்.

மார்ச் 28, சனி

சொல்லிவிட்டேன்.

தலை வாரும்போது சொன்னால் முகம் பார்க்க வேண்டியதில்லை என்று முதலில் நினைத்தேன். அதுவும் கோழைத்தனம். எதிரே ஸ்டூலைப் போட்டு உட்கார்ந்து, கடிதத்தை மேஜைமேல் வைத்தேன். எண்ணெய், டயர், மாடியில் எண்ணிய சொட்டு, எல்லாம்.

"எப்ப தெரியும்?"

"மறுநாளே."

"டயரை?"

"நான்தான் கழுவுனேன்."

கத்துவாள் என்று நினைத்தேன். கத்தியிருந்தால் தேவலை.

"விழுந்தது கூட போகட்டும்" என்றாள். "எண்ணெய் விட்டது என்மேல இருக்கிற அக்கறையில. அதுவும் போகட்டும். என் கைல தப்புன்னு ஒம்பது நாள் உக்காந்து யோசிச்சேன். நீங்க பின்னாடி நின்னு தலை வாரிட்டு இருந்தீங்க."

ஏதேதோ சொன்னேன். பயம், உன்னை அங்கே அனுப்பப் பயம், வார்டுல தினம் பாக்குறேன்டி, அதான்... முடிப்பதற்குள், அவள் ஒற்றைக் கையால் கடிதத்தைக் கசக்கி என் மடியில் போட்டுவிட்டு எழுந்து போனாள்.

மார்ச் 29

இன்று தலையை அவளே வாரிக்கொண்டாள். ஒரு கையால். கோணல் மாணலாக இருந்தது.

ஏப்ரல் 9

தேவைக்கு மட்டும் பேச்சு. பால் வந்ததா, கேஸ் தீர்ந்ததா.

ஏப்ரல் 30

கட்டுப் பிரித்தார்கள். நான் ட்யூட்டியில் இருந்தும் வேறு நர்ஸைக் கூப்பிட்டாள்.

மே 3, ஞாயிறு

வண்டி வந்துவிட்டது. மெக்கானிக் வெளியூரிலிருந்து புது எண்ணெய்க் கருவி ஒன்றை வரவழைத்துப் பொருத்தியிருக்கிறார். எஞ்சின் நின்றால் தானே நின்றுவிடும், வெயிலுக்கு ஏற்ப அளவைக் குறைக்கலாம். அவள்தான் செய்யச் சொன்னாளாம். "ஐடியா சாரோடதுதானாமே" என்றார் மெக்கானிக். அவள் அப்படிச் சொல்லியிருக்கிறாளா? இந்த முறை அவர் மண்ணெண்ணெய் பற்றி எதுவும் கேட்கவில்லை.

மே 11, திங்கள்

இன்று பண்ணைக்குப் புறப்பட்டாள். வாசலில் வண்டியை ஸ்டாண்டில் போட்டு, பக்கத்தில் உட்கார்ந்து, பின்சக்கரத்தை மெல்லச் சுழற்றி, உள்ளங்கையை டயரின் ஓரத்தில் வைத்து ஒரு சுற்று முழுக்கத் தடவினாள். இடது பக்கம், பிறகு வலது பக்கம். நான் பார்த்துக்கொண்டு நிற்கிறேன் என்று தெரிந்தேதான் செய்தாள். இனி தினமும் செய்வாள். செய்யட்டும்.

பிறகு எழுந்து, அந்தக் கையை என் முன்னால் நீட்டினாள். வெறும் தூசி.

"காஞ்சிருக்கு" என்றாள். ஹெல்மெட்டை மாட்டிக்கொண்டாள். "போயிட்டு வரேன்."