காரியாபட்டி தாண்டி நின்ற கார்

ஆவணி பத்து, புதன்.

தூக்கம் வரவில்லை. மதியம் சாப்பிட உட்கார்ந்த கொழுந்தனார் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு சாய்ந்துவிட்டார். வீட்டுக்காரர் தம்பியைத் தூக்கிக் காரில் போட்டு மதுரைக்குக் கிளம்பினார். நானும் ஏறிக்கொண்டேன். ஆசைப்பட்டு பழசாக வாங்கிய சொகுசு கார் அது. வாட்டர் பம்ப் ஒழுகுகிறது, மாற்றாமல் தூரம் போகாதீர்கள் என்று மெக்கானிக் போன மாதமே சொல்லியிருந்தார். சாமான் சென்னையிலிருந்து வர வேண்டும் என்று இவர் தள்ளிப்போட்டார்.

காரியாபட்டி தாண்டியதும் இஞ்சின் சூடேறினால் எரியும் சிவப்பு விளக்கு எரிந்தது. "நிறுத்திப் பாருங்க" என்றேன்.

"மதுரை வந்துரும், ஓட்டிருவேன்."

கொஞ்ச தூரத்தில் இஞ்சின் இறுகி வண்டி நின்றுவிட்டது.

வெங்காய லோடோடு வந்த வேன்காரர் எங்களைப் பார்த்து நிறுத்தினார். பாதி மூட்டையை ரோட்டோரம் இறக்கிப் போட்டார். "அவுகளைப் படுக்க வைங்க, நான் கொண்டு போறேன்" என்றார்.

கொழுந்தனார் பிழைத்துவிட்டார். இன்னும் கொஞ்சம் தாமதமாகியிருந்தால் என்று ஆரம்பித்த டாக்டர், இவர் முகத்தைப் பார்த்து நிறுத்திக்கொண்டார்.

வீடு வந்தும் இவர் சாப்பிடவில்லை. சற்று முன்புதான் வாய் திறந்தார்.

"கண்ணு முழிச்சதும் கேக்குறான், 'அண்ணே, வண்டி என்னாச்சு'ன்னு. என்னைய நாலு திட்டு திட்டியிருக்கலாம்."

பக்கத்தில் போய் உட்கார்ந்துகொண்டேன்.