பதினாறு கழியும் முன்

ராணுவ ஆஸ்பத்திரி,
12.5.1963

அன்பு வள்ளித்தாய்க்கு,

செத்துப் பிழைத்த உன் புருஷன் எழுதுவது. சீனாக்காரன் எங்களை விட்டுவிட்டான். பனியில் மரத்துப்போய் இடது காலில் இரண்டு விரலை எடுத்துவிட்டார்கள். மற்றபடி ஆள் முழுசாக இருக்கிறேன்.

நான் சண்டையில் போய்விட்டதாகத் தந்தி வந்ததையும், வைக்கோலில் உருவம் செய்து என் பழைய சட்டையைப் போட்டு எரித்ததையும் அண்ணன் எழுதியிருந்தான். பக்கத்துக் கட்டில்காரனிடம் சொல்லிச் சொல்லிச் சிரித்தேன். என் கருமாதிக்கு எத்தனை கூட்டு வைத்தீர்கள்? பாயசம் உண்டா?

நீ கோபித்துக்கொண்டு குற்றாலத்தில் ஏதோ லாட்ஜில் சமையலுக்குப் போய்விட்டாயாமே. மாமியார் மருமகள் சண்டை நான் செத்தாலும் தீராது போலிருக்கிறது. ஜூன் கடைசியில் லீவு. அம்மா புதுத் தாலி செய்யக் கொடுத்திருக்கிறாள். தென்காசி ஸ்டேஷனில் இறங்கியதும் நேரே கோயிலுக்குப் போய்க் கட்டிவிட்டு, நம் ஊர் வலசைக்கு வண்டி பிடிக்கலாம்.

உலகம்மை நடக்கிறாளா? அண்ணன் அவளைப் பற்றி ஒரு வரி எழுதவில்லை. காவலில் கிடந்த நாளெல்லாம் அவள் பேரைச் சொல்லித்தான் உயிரைப் பிடித்துக்கொண்டிருந்தேன்.

உன்
பேச்சிமுத்து

குற்றாலம்,
21.5.1963

அத்தானுக்கு வள்ளித்தாய் எழுதிக்கொள்வது.

உங்கள் கடிதத்தைப் பார்த்ததும் கையிலிருந்த கரண்டி அடுப்புக்குள் விழுந்துவிட்டது. நீங்கள் உயிரோடு இருப்பதில் எனக்குச் சந்தோஷம்தான். அதில் பொய்யில்லை.

இங்கே இன்னும் அருவி விழவில்லை. காற்று திரும்பிவிட்டது, சாரல் வந்துவிடும் என்கிறார்கள். லாட்ஜ்காரி தங்கபுஷ்பம் அக்கா என்னைத் தங்கையைப் போலத்தான் வைத்திருக்கிறாள். சீசன் வந்தால் நாலு அடுப்பும் எரியும், நிற்க நேரமிருக்காது. கால் புண்ணை நனைக்காமல் பார்த்துக்கொள்ளுங்கள்.

நீங்கள் கேட்ட மற்றதை உங்கள் அம்மாவிடம் கேளுங்கள். அவர்கள் சொல்லவேண்டியது அது.

வள்ளித்தாய்

ராணுவ ஆஸ்பத்திரி,
30.5.1963

வள்ளித்தாய்க்கு,

பிள்ளையைப் பற்றிக் கேட்டால் சாரலைப் பற்றி எழுதுகிறாய். எமன் வாயிலிருந்து வந்தவனுக்கு எழுதுகிற கடிதமா இது? பக்கத்துக் கட்டில்காரன் பெண்டாட்டி எட்டுப் பக்கம் எழுதியிருக்கிறாள், எட்டிலும் கண்ணீர்க்கறை.

நேற்று ஒரு நர்ஸ் அம்மாவிடம் சொல்லி, உலகம்மைக்குச் சிவப்பில் ஒரு கவுன் வாங்கினேன். அளவு தெரியாமல் குத்துமதிப்பாக வாங்கியிருக்கிறேன். பிள்ளை உன்னோடு இருக்கிறாளா, அம்மாவோடு இருக்கிறாளா? அதை மட்டுமாவது எழுது.

பேச்சிமுத்து

குற்றாலம்,
9.6.1963

அத்தானுக்கு,

யாரும் எழுதமாட்டார்கள் என்று தெரிந்துவிட்டது. நானே எழுதுகிறேன். உட்கார்ந்துகொண்டு வாசியுங்கள்.

உலகம்மை இல்லை. மார்கழியில் போய்விட்டாள்.

உங்களை எரித்து ஒன்பதாம் நாள் அவளுக்குக் காய்ச்சல் கண்டது. நான் மூலையில் உட்கார்ந்திருந்தேன். மடியில் அவள் அனலாகக் கொதித்தாள், மூச்சு இழுத்தது. தென்காசி ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோக வேண்டும் என்று உங்கள் அம்மா காலைப் பிடித்தேன். அவர்கள் சொன்னதை அப்படியே எழுதுகிறேன். “பதினாறு கழியாம நீ வெளிய வந்து நாலு பேரு முகத்துல முழிச்சா ஊருக்கு ஆகாதுட்டி. கொள்ளி வச்சவனும் படி தாண்டப்படாது. சளிக் காச்சல்தான, கசாயத்துல நின்னுரும்.”

கொள்ளி வைத்த உங்கள் அண்ணன் சிவனணைந்தபெருமாள் வாசலில்தான் இருந்தார். அவரிடமும் கேட்டேன். “தம்பி காரியம் ஒழுங்கா முடியட்டும். அவனுக்கு இதாவது செய்யாண்டாமா?” என்றார்.

மூன்று நாள் கசாயம் கொடுத்தேன். நாலாம் நாள் விடிந்ததும் யார் சொல்லையும் கேட்காமல் தூக்கிக்கொண்டு ஓடினேன். பின்னால் வந்து முடியைப் பிடித்து இழுத்தார்கள், நான் நிற்கவில்லை. டாக்டர் தொட்டுப் பார்த்துவிட்டு, “ரெண்டு நாளைக்கு முன்ன கொண்டாந்திருக்கலாமேம்மா,” என்றார். அவர் நல்ல மனிதர். அதைச் சொல்லாமல் இருந்திருக்கலாம்.

பிள்ளையைப் புதைத்த மண் காயுமுன் பதினாறாம் நாள் வந்தது. என் தாலியைக் கழற்றினார்கள். நான் படி தாண்டியதால்தான் பிள்ளை போயிற்று என்று உங்கள் அம்மா வந்திருந்தவர்களிடமெல்லாம் சொன்னார்கள். அதற்குப் பிறகுதான் இங்கே வந்தேன். சண்டை போட்டுக்கொண்டு வரவில்லை.

கவுனை அங்கேயே யாருக்காவது கொடுத்துவிடுங்கள்.

வள்ளித்தாய்

ராணுவ ஆஸ்பத்திரி,
17.6.1963

அன்பு வள்ளித்தாய்க்கு,

உன் கடிதம் வந்ததும் இரண்டு நாள் சோறு இறங்கவில்லை, அழுதுகொண்டே கிடந்தேன். இன்றைக்குத்தான் எழுந்து உட்கார்ந்தேன்.

என்ன செய்வது? அவள் ஆயுசு அவ்வளவுதான். அம்மா வேண்டுமென்றா செய்தாள்? எனக்குச் செய்கிற காரியம் கெட்டுவிடக் கூடாதே என்று செய்தாள். எல்லாம் என் மேலுள்ள பாசம். வயதான காலத்தில் அவளைக் கூண்டில் ஏற்றி என்ன ஆகப்போகிறது? என் கண்ணெதிரே பத்துப் பேர் செத்தார்கள். நான் மனதைத் தேற்றிக்கொள்ளவில்லையா? நீயும் தேற்றிக்கொள். நமக்கு வயதிருக்கிறது. அடுத்த ஆடிக்குள் இன்னொரு உலகம்மை பிறப்பாள், பாரேன்.

இருபத்தொன்பதாம் தேதி வருகிறேன். அன்றைக்கு முகூர்த்தம் இருக்கிறதாம். ஸ்டேஷனுக்கு வந்துவிடு. புருஷன் பிழைத்து வந்ததில் இவளுக்குச் சந்தோஷமில்லை என்று ஊர் பேச இடம் கொடுக்காதே.

உன்
பேச்சிமுத்து

குற்றாலம்,
24.6.1963

அத்தானுக்கு,

நான் ஸ்டேஷனுக்கு வரமாட்டேன். வலசைக்கும் வரமாட்டேன்.

இரண்டு நாள் அழுதீர்கள், மூன்றாம் நாள் முகூர்த்தம் பார்த்துவிட்டீர்கள். அழுததை நான் நம்புகிறேன். உங்கள் மேல் தப்பு ஒன்றுமில்லை. நீங்கள் செய்தது பிழைத்து வந்தது ஒன்றுதான். ஆனால் நீங்கள் பிழைத்திருக்கிறீர்கள் என்றால், நான் மூலையில் உட்கார்ந்திருந்ததும் அவர்கள் கதவை மறித்ததும் வெறும் வைக்கோலுக்காக. என் பிள்ளை அந்த வைக்கோலுக்காகச் செத்தாள். உங்கள் முகத்தைப் பார்க்கும்போதெல்லாம் எனக்கு அதுதான் தெரியும். அந்த முகத்துக்குச் சோறு பரிமாற என்னால் முடியாது.

இன்னொரு பெண்ணைப் பார்க்கட்டும் உங்கள் அம்மா. தாலி வீணாகப் போக வேண்டாம்.

ஊர் பேசுவது இருக்கட்டும், நானே சொல்லிவிடுகிறேன். மார்கழியில் நான் இரண்டு பேருக்காக அழுதேன். ஒருவரைத் திருப்பித் தருகிறேன், பேரைச் சொல் என்று சாமி என்னிடம் கேட்டிருந்தால், உங்கள் பேரைச் சொல்லியிருக்க மாட்டேன்.

வள்ளித்தாய்