மேடையிலிருந்து அப்பா உன்னைக் கூப்பிட்டது

லிமரிக்,
மார்ச் 26

அன்புள்ள லார்கனுக்கு,

அம்மா எழுதுகிறேன். நீயும் தெரேசாவும் குட்டி மேவும் சுகமாக இருக்க வேண்டும், இங்கே எனக்கும் மழைக்கும் ஒரு குறையும் இல்லை. அப்பாவைப் பற்றிச் சொல்லத்தான் உட்கார்ந்தேன், அதனால் எல்லோரும் சுகம் என்று முதல் வரியிலேயே எழுதிவிட மனசு வரவில்லை. சாம்ராக் மூவிலை வந்து சேர்ந்ததா? ஈரப் பாசியில் சுற்றி அனுப்பினால் உங்கள் ஊர் சுங்கத்தில் பிடுங்கி எறிகிறார்கள் என்று இந்த முறை வாழ்த்து அட்டைக்குள் தட்டையாக வைத்து அனுப்பினேன். வாடிப்போயிருந்தாலும் புனித பேட்ரிக் திருநாளன்று சட்டையில் குத்திக்கொண்டிருப்பாய் என்று நினைத்துக்கொண்டேன்.

அன்று சாயங்காலம் நீ போனில் சிரித்த சிரிப்பு இன்னும் காதில் நிற்கிறது. நம் ஊர் ரேடியோவில் ஊர்வலத்தைக் கேட்டதாகச் சொல்லி, "அப்பா மைக்குல என்னை ஓட்டு ஓட்டுன்னு ஓட்டிட்டாரும்மா, வேலை செய்யற இடத்துல எல்லாருக்கும் போட்டுக் காட்டினேன்" என்றாய். நானும் கூடச் சேர்ந்து சிரித்துவிட்டுப் போனை வைத்தேன். சிரித்திருக்கக் கூடாது லார்கன். அன்றிலிருந்து எனக்கு ஒரு வாய் ரொட்டி ருசித்துச் சாப்பிட முடியவில்லை.

காலையில் எல்லாம் நன்றாகத்தான் இருந்தது. பூசைக்குப் போய்வந்தோம், தவக்காலத்துக்காகச் சர்க்கரையை விட்டிருந்தவர் இன்றைக்கு ஒருநாள் விலக்கு உண்டு என்று தேநீரில் அள்ளி அள்ளிப் போட்டுக்கொண்டார். பச்சை டையும் தோள்பட்டியும் போட்டுக்கொண்டு, வருடா வருடம் போல ஊர்வலத்தை அறிவிக்க மேடை ஏறி மைக்கைப் பிடித்ததும் அப்பா பழைய மாஸி கீலியேதான், பஸ் ஓட்டின காலத்தில் பின்சீட்டுக்காரனை அதட்டிய அதே குரல். பக்கத்து வீட்டு ப்ரீடாவின் மகன் காகிதத்தில் பெரிய சால்மன் மீன் செய்து லாரியில் ஏற்றி வந்தான், ஆற்றுப் பாலத்துக் காற்று அதன் வாலைப் பிய்த்துக்கொண்டு போய்விட்டது, அப்பா உடனே "கவலைப்படாதீங்க, வாலு தனியா நீந்தி வந்துட்டிருக்கு" என்றார், தெருவே குலுங்கியது. அதற்குப் பின்னால் உங்கள் பாஸ்டன் பக்கத்துப் பள்ளிக்கூடத்து பாண்டு வாத்தியக்காரர்கள் வந்தார்கள், வரிசை வரிசையாய், வெள்ளைக் கையுறை போட்டுக்கொண்டு. பெற்ற பிள்ளைகளைப் போல அவர்களைப் பார்த்துக் கை தட்டியிருக்க வேண்டும். எனக்கோ வயிறு எரிந்தது. இந்தப் பொடிசுகள் எல்லாம் விமானம் ஏறி வந்து ஊதிவிட்டுப் போகலாம், என் பிள்ளை வரக் கூடாதா என்று.

அவர்களுக்கு அடுத்து நம் தெரு ஹர்லிங் மட்டைப்பந்துச் சங்கத்துச் சிறுவர்கள். அப்பா கையிலிருந்த தாளைப் பார்க்கவில்லை. "அடுத்தது நம்ம சங்கத்துப் பசங்க. முன்னால வர்றது என் மகன் லார்கன். டேய் லார்கன், தலையை நிமிர்த்து நடடா, மட்டையைத் தரையில இழுக்காதே, உங்கம்மா பாத்துட்டிருக்கா!" என்றார். நீ கேட்டது இவ்வளவுதான். ப்ரீடா என் விலாவில் இடித்து, "உன் வீட்டுக்காரர் கடல் தாண்டிப் போனவனையும் விடமாட்டேங்கிறாரே" என்று சிரித்தாள். நீ கேட்காதது ஒன்று உண்டு. அவர் கையை ஆட்டிக்கொண்டே இருந்தார். முன்னால் வந்த பையன் யாரடா லார்கன் என்று திரும்பித் திரும்பிப் பார்த்தான், அவர் அந்த முகத்தையே பார்த்து, பதிலுக்குக் கையசைப்பான் என்று காத்திருந்தார். முப்பது நாற்பது வருடம் கூட வாழ்ந்தவள் நான், அவர் வேடிக்கை செய்வது எனக்குத் தெரியாதா? அது வேடிக்கை இல்லை.

கிறிஸ்துமஸுக்கு முன்பே டாக்டர் சொல்லிவிட்டார், மறதி இனி கூடத்தான் கூடும் என்று. உன்னிடம் சொல்லவில்லை. சொன்னால் போட்டது போட்டபடி கிளம்பி வந்துவிடுவாய், வந்தால் விசா காகிதம் இல்லாமல் தங்கியவன் என்று உன்னைத் திரும்ப உள்ளே விட மாட்டார்கள், தெரேசாவும் குழந்தையும் அங்கே, நீ இங்கே. இதையெல்லாம் தாளில் எழுதாதே என்பாய். எழுதத்தான் போகிறேன், போனில் பேசினால் அழுதுவிடுவேன்.

வீட்டுக்கு வந்து பன்றிக்கறியும் முட்டைக்கோஸும் எடுத்து வைத்தேன். அப்பா முள்கரண்டியைத் தொடவில்லை. "லார்கன் எங்க, ஊர்வலம் முடிஞ்சு இவ்வளவு நேரமாச்சு, சாப்பாடு ஆறுதே" என்றார். எனக்குக் காலுறை நனைந்து கால் விறைத்திருந்தது, கோபமும் இருந்தது, யார் மேல் என்று தெரியாத கோபம். "அவன் பாஸ்டன்ல இருக்கான், போய் எத்தனையோ வருஷமாச்சு, அவனுக்கே ஒரு மக இருக்கா" என்று சட்டென்று சொல்லிவிட்டேன். முதல் தடவை கேட்கிற மாதிரி கேட்டார். முகம் அப்படியே வாடிவிட்டது. "யாரு அவனைப் போகச் சொன்னது?" என்றார். நான் வாயை மூடிக்கொண்டிருந்திருக்கலாம். "நீங்கதான்" என்றேன்.

பொய் இல்லைதான். கட்டட வேலை எல்லாம் படுத்துப்போன அந்த வருடம், இங்கே உட்கார்ந்து துருப்பிடிக்காதே என்று உன்னைப் பிடித்துத் தள்ளாத குறையாக அனுப்பியது அவர்தான். உன் நன்மைக்குத்தான் சொன்னார், மறந்தும் போய்விட்டார், அதையாவது மறந்து நிம்மதியாக இருந்திருக்கலாம். நான் அதைத் தோண்டி எடுத்துச் சாப்பாட்டு மேசையில் வைத்துவிட்டேனே, என் நாக்கில் என்ன இருந்ததோ தெரியவில்லை. அவர் எழுந்து போய்த் தோள்பட்டிக்கு மேலேயே கோட்டைப் போட்டுக்கொண்டார், தொப்பியை வைத்துக்கொண்டார். "அனுப்புனவன் நான்தானே, நான்தான் போய்க் கூட்டிட்டு வரணும். கார் சாவி எங்க?" என்றார். நாளைக்குப் போகலாம் என்று சொல்லி உட்கார வைத்தேன். அன்றிலிருந்து தினமும் காலையில் கோட்டு போட்டுக்கொண்டு வந்து, "இன்னைக்குத்தானே போறோம்?" என்று கேட்கிறார்.

ஒன்று மட்டும் எனக்கு ஆறவே மாட்டேன் என்கிறது. இத்தனை வருடமும் உன்னால் வர முடியாது, வர முடியாது என்று பேசிப் பேசியே ஓய்ந்தோம். நாங்கள் அங்கே வந்திருக்கலாமே! ஒரு வருடம் அப்பாவின் முழங்கால், ஒரு வருடம் கூரை ஒழுகல், ஊர்வல வேலை வந்துவிட்டது, அடுத்த வருடம் பார்க்கலாம். மேவ் பிறந்தபோதுகூட அடுத்த கோடைக்கு என்றோம். புத்தி தெளிவாக இருந்த அப்பாவை உன் வாசலில் கொண்டுவந்து நிறுத்தியிருக்கலாம், நிறுத்தவில்லை. மிச்சம் இருப்பவரைத்தான் இனி கூட்டி வர முடியும்.

மே மாதம் வருகிறோம். பாஸ்போர்ட்டுக்குப் படம் எடுத்தாகிவிட்டது, காய்ந்த சாம்ராக்கைக் கோட்டிலிருந்து எடுக்கவே மாட்டேன் என்றார், அதோடுதான் எடுத்தோம். இங்கே ஷானன் விமான நிலையத்திலேயே உட்கார்ந்திருக்கும் உங்கள் நாட்டு அதிகாரி எதற்குப் போகிறீர்கள் என்று கேட்டால், மகனைக் கூட்டிவரப் போகிறேன் என்று இவர் உளறிவிடுவாரோ என்றுதான் பயம். ஒரு பெரிய மிட்டாயை வாயில் போட்டுவிட்டு நானே பேசிக்கொள்கிறேன். உன்னை எங்களோடு வரச்சொல்லிக் கேட்க மாட்டேன், அவர் கேட்பார், நாளைக்குப் போகலாம்பா என்று சொல்லிவிடு, அது போதும் அவருக்கு.

கூரை வேலைக்கு ஏறும்போது இடுப்பில் கயிறு கட்டிக்கொள். தெரேசாவிடம் எனக்காக ஒன்றும் சமைத்துக் கஷ்டப்பட வேண்டாம் என்று சொல். கடவுளும் அவர் தாயும் உங்கள் மூவரையும் கைக்குள் வைத்துக் காக்கட்டும்.

ஒன்றை மட்டும் மறந்துவிடாதே. அப்பா தேடி வருவது மட்டையைத் தரையில் இழுத்துக்கொண்டு வரும் பிள்ளையை. கதவைத் திறக்கிற நரை விழுந்த மனுஷனைப் பார்த்து யார் நீங்கள் என்று அவர் கேட்டுவிட்டால் என்னால் தாங்க முடியாது. நாங்கள் வருவதற்கு முன்னால், போட்டோவில் பார்த்த அந்தத் தாடியை எடுத்துவிடு.

உன் அம்மா,
நூலா கீலி