இடப்பக்கத் தையல்

ரவாங்
6.3.2023

அன்புள்ள அக்காவுக்கு,

ராணி எழுதுவது. என் வீட்டுக்காரர் தேவன் என் கைப்பேசியைத் தினமும் நோண்டிப் பார்க்கிறார், அதனால்தான் கடிதம். பதிலை என் ஃபேக்டரி முகவரிக்குப் போடு.

ஐந்து வருடத்துக்கு முன்னால் அவர் வற்புறுத்தித்தானே மார்பைப் பெரிதாக்கும் ஆப்பரேஷன் செய்துகொண்டேன்? அப்புறம் ஊரே அதைத்தான் பார்க்கிறது என்று அடி. போன மாதம் சூப்பர்வைசர் காரில் வந்து இறங்கினேன். அதற்கு என்னைச் சுவரில் சாய்த்து முழங்கையால் மார்பில் இடித்தார். உள்ளே ஏதோ கிழிந்தது. மறுநாள் இடப்பக்கம் சப்பிப் போயிருந்தது.

ஸ்கேன் எடுத்தார்கள். சிலிக்கோன் பை வெடித்துப் பசை கசிந்திருக்கிறதாம். பையைச் சுற்றி உடம்பு தானாகக் கட்டிக்கொண்ட சவ்வும் கல்லாக இறுகிவிட்டதாம். டாக்டரம்மா பொறுமையாகச் சொன்னார்: "பழசை எடுத்துட்டு, தசைக்கு அடியில இடம் பண்ணிப் புதுசு வைக்கலாம். வேணாம்னா பையையும் சவ்வையும் முழுசா எடுத்துட்டு, மிச்சச் சதையைத் தூக்கித் தைக்கலாம். சின்னதாத்தான் இருக்கும். எதுன்னு நீங்கதான் சொல்லணும்."

அவருக்குப் புதுசு வேண்டுமாம், முன்னைவிடப் பெரிதாக. எனக்கு எதுவுமே வேண்டாம், அக்கா. நீ என்ன சொல்கிறாய்?

உன் தங்கை
விஜயராணி


கோல சிலாங்கூர்
13.3.2023

அன்புத் தங்கச்சி ராணிக்கு,

படித்ததும் கடிதத்தைக் கொளுத்திவிட்டேன். உன் அத்தான் கண்ணில் பட்டால் வம்பு. மாப்பிள்ளை மனம் கோணாமல் புதுசே வைத்துக்கொள்ளேன் லா. அத்தான் கை ஓங்காத வாரம் உண்டா? நான் இருக்கவில்லையா? வெளியே வந்துவிட்டால் எங்கே போவாய்? கேண்டீன் வேலையில் எனக்கு முதுகு ஒடிகிறது. உன்னை நினைத்தால் தூக்கமும் இல்லை. உடம்பைப் பார்த்துக்கொள்.

அக்கா
தனேஸ்வரி


கெர்லிங்
22.5.2023

அன்புள்ள அக்காவுக்கு,

கோபிக்காதே. அவருக்குச் சொல்லாமலே எல்லாவற்றையும் எடுத்துவிட்டேன். மூன்றரை மணி நேரம் ஆனதாம். இடப்பக்கத்தில் பசை விலா எலும்பு வரை ஒட்டியிருந்ததால் சுரண்டிச் சுரண்டி எடுத்தார்களாம். இரண்டு பக்கமும் குழாய் தொங்குகிறது, ரத்தநீர் வடிய. வலி உயிர் போகிறது. ஆனாலும் நேற்று கண்ணாடியில் பார்த்தேன். தழும்பும் வீக்கமுமாக நான்தான் தெரிந்தேன். அழுகை வந்தது. அது துக்க அழுகை இல்லை, அக்கா.

கூட வேலை செய்யும் கங்கா வீட்டில், மாரியம்மன் கோயிலுக்குப் பின்னால் இருக்கிறேன். யாரிடமும் சொல்லாதே.

ராணி


கோல சிலாங்கூர்
27.5.2023

அன்பு ராணிக்கு,

மாப்பிள்ளை நேற்று வந்தார். ஆரஞ்சுப் பழம் வாங்கி வந்து வாசலில் உட்கார்ந்து அழுதார். திருந்திவிட்டேன், ஒரு தடவை பார்த்து மன்னிப்புக் கேட்டால் போதும் என்றார். அத்தானும் சொல்லச் சொன்னார். கங்கா வீட்டை நான்தான் சொன்னேன். நல்லதற்குத்தான் என்று நினைத்துக்கொள். முகம் கொடுத்துப் பேசு.

அக்கா


கோலகுபு பாரு
9.6.2023

அக்கா,

உன் கடிதத்துக்கு முன்னால் அவன் வந்துவிட்டான். பட்டப்பகல். கதவை உதைத்துத் திறந்தான். "யாரைக் கேட்டுடி எடுத்த?" என்று முடியைப் பிடித்து இழுத்துப் போட்டான். வலப்பக்கக் குழாயைப் பிடுங்கினான். இடப்பக்கத் தையல் மேல் ஏறி மிதித்தான், பூட்ஸ் காலோடு. தையல் ஒவ்வொன்றாகத் தெறித்தது எனக்குக் கேட்டது. கங்கா கார் ஜாக்கி கம்பியால் அவன் முட்டியில் போட்டிராவிட்டால் நான் இல்லை. பக்கத்து வீட்டு இராமையா அண்ணன்தான் போலீஸ் வரும்வரை அவன் மேல் உட்கார்ந்திருந்தார்.

இங்கே ஆஸ்பத்திரியில் மறுபடி திறந்து, கட்டியிருந்த ரத்தத்தை எடுத்து, செத்த தோலை வெட்டித் தைத்தார்கள். இனி இடப்பக்கம் குழியாகத்தான் இருக்கும்.

மன்னிப்புக் கேட்க வந்ததாக அவன் சொல்கிறான். உன் வாசலில் அவன் வேறு என்ன பேசினான் என்று போலீஸ் கேட்கிறது. போய்ச் சொல்வாயா? முடியாவிட்டால் இனி எனக்கு எழுதாதே.

விஜயராணி


கோல சிலாங்கூர்
18.6.2023

ராணி,

வெள்ளிக்கிழமை போலீஸ் நிலையம் போனேன். "அவ தட்டையா வந்து நின்னா அதே இடத்துல மிதிச்சுக் கொல்வேன்"னு அந்த ஆள் அன்றைக்குச் சொன்னதைச் சொல்லிக் கையெழுத்துப் போட்டேன். அதைக் கேட்ட பிறகும்தான் உன் இடத்தைச் சொன்னேன். ஆம்பளைங்க பேசுற பேச்சுத்தானே என்று விட்டுவிட்டேன். இருபத்தாறு வருடமாக அப்படித்தான் விட்டுக்கொண்டிருக்கிறேன்.

வீட்டுக்கு வந்ததும் அத்தான் ஹெல்மெட்டால் அடித்தார். முன்பல் ஒன்று போய்விட்டது. என்னை வெளியே தள்ளிக் கதவைச் சாத்திக்கொண்டார். கேண்டீன் தாயம்மா வீட்டில் இருந்து எழுதுகிறேன். நீ பதில் போடாவிட்டாலும் தப்பில்லை.

தனேஸ்வரி


கெர்லிங்
23.6.2023

அக்கா,

என் கோபம் போகவில்லை. நேரில் வா, சண்டை போட்டுக்கொள்கிறேன்.

முதலில் ஆஸ்பத்திரிக்குப் போய் அடிபட்டதை எழுதி வாங்கு. விழுந்துவிட்டேன் என்று சொல்லித் தொலைக்காதே. பிறகு ரவாங் வந்து ரயில் ஏறிக் கோலகுபு பாருவில் இறங்கு. வரும் இரண்டாம் தேதி ஞாயிற்றுக்கிழமை காலை பத்து மணியிலிருந்து கங்காவும் நானும் ஸ்டேஷனில் நிற்போம். எனக்கு இன்னும் கை தூக்க வராது. உன் பையைக் கங்கா வாங்கிக்கொள்வாள்.

ராணி