இன்னொரு கலோஜெரோ

மே 6

இன்றும் சாப்பாட்டு மேசையில் பெயர்ப் பேச்சுதான். வயிற்றில் இருப்பது ஆண் என்று ஸ்கேனில் தெரிந்த நாளிலிருந்து அத்தை அவனை "நம்ம கலோஜெரோ" என்றே சொல்லிக்கொண்டிருக்கிறார். மாமனாரின் பெயர். மூத்த மகனுடைய முதல் பையனுக்குத் தாத்தா பெயர், அதில் பேச ஒன்றுமில்லையாம். சுமக்கிறவளைக் கேட்கலாம் என்று ஒருவருக்கும் தோன்றவில்லை. சவேரியோவைப் பார்த்தேன். என் அருமைக் கணவன் பாஸ்தா தட்டுக்குள் தலையைக் கவிழ்த்துக்கொண்டான்.

மே 9

எங்கள் ஊர் நாரோவின் சதுக்கத்தில் நின்று "கலோஜெரோ!" என்று கத்தினால் ரொட்டிக்கடைக்காரர், முடிவெட்டுகிறவர், தபால்காரர், இரண்டு போலீஸ்காரர்கள், எல்லோரும் திரும்புவார்கள். லில்லோ, கலோ, ஜெரோ என்று சுருக்கங்களும் தீர்ந்துவிட்டன. என் பிள்ளைக்கு என்ன மிச்சம்?

பொருளைத் தேடிப் பார்த்தேன். கிரேக்கச் சொல். 'அழகான கிழவன்'. இன்னும் பிறக்கவே இல்லை, அதற்குள் கிழவனா!

எலியோ. சூரியன். எனக்கு அதுதான்.

மே 20

"அம்மா மனசு கஷ்டப்படும், ஒர்னெல்லா," என்றான் சவேரியோ.

"என் மனசு?"

"நீ படிச்சவ. புரிஞ்சுப்ப."

படித்ததற்கு இதுதான் தண்டனை போலிருக்கிறது.

ஜூன் 4

அத்தை குழந்தைச் சட்டை ஆறில் பெயரின் முதலெழுத்தைப் பூவேலை செய்து கொண்டுவந்து வைத்தார். "பெரியவருக்கு மரியாதை இல்லையான்னு ஊர் கேக்காதா?" என்றார். எனக்கு வாய் நிற்கவில்லை. "பேரு என்ன உங்க வீட்டு மேசைவிரிப்பா, தலைமுறை தலைமுறையா துவைச்சுத் துவைச்சுப் போடுறதுக்கு?" அழுதுவிட்டார். மாமனார் எழுந்து பால்கனிக்குப் போய்விட்டார். வேண்டும் என்றும் சொல்வதில்லை, வேண்டாம் என்றும் சொல்வதில்லை. அந்த மனிதரின் மௌனம்தான் எனக்கு அதிகம் எரிகிறது.

ஜூன் 18

திருவிழா. ஊர்க் காவலர் புனித கலோஜெரோவின் சிலையைக் கயிறு கட்டி இழுத்து வந்தார்கள். நம் தெருமுனையில் நின்றதும் அத்தை கையை உயர்த்தி, ஊரே கேட்க, "என் பேரன் உங்க பேரோட வருவான், இது என் வாக்கு!" என்று கத்தினார். முன்பின் தெரியாத பெண்களெல்லாம் என்னைக் கட்டிக்கொண்டு கன்னத்தில் முத்தம் கொடுத்தார்கள். இனி குழந்தை தும்மினாலும் என் மேல்தான் பழி. சவேரியோ எங்கே? கயிறு இழுத்துக்கொண்டிருந்தான்.

ஜூன் 29

பிறந்துவிட்டான். மூன்று கிலோ நூறு கிராம். அப்புறம் எழுதுகிறேன்.

ஜூலை 2

வீட்டுக்கு வந்தாயிற்று. வந்த இரண்டு மணி நேரத்திலேயே அத்தை நல்ல உடுப்பு உடுத்தி, சவேரியோவை நகராட்சிக்குக் கிளப்பினார். பிறப்பைப் பதிய. நான் கட்டிலில் இருந்தபடியே கத்தினேன் — என்ன கத்தினேனோ. தையல் வலியில் பாதி, கோபத்தில் பாதி.

அப்போது மாமனார் கதவை மறித்துக்கொண்டு நின்றார்.

"யாரும் போக வேண்டாம்."

நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார். எங்களைப் பார்க்கவில்லை, தரையைப் பார்த்தே பேசினார்.

"நான் ரெண்டாவது கலோஜெரோ. எனக்கு முன்னாடி ஒருத்தன் பொறந்தான். மூணு மாசத்துல போயிட்டான். அடுத்த வருஷம் நான். இவனாவது கிழவனாகட்டும்னு எங்கம்மா அதே பேர வச்சா. வருஷா வருஷம் நவம்பர் ரெண்டாம் தேதி, செத்தவங்க நாளுக்கு, அவன் கல்லறைக்குக் கூட்டிட்டுப் போவாங்க. நான் எழுத்துக்கூட்டிப் படிச்ச முதல் வார்த்தை, அந்தக் கல்லுல இருந்த என் பேருதான்."

அத்தை அப்படியே சுவரில் சாய்ந்தார். "அந்தக் கல்லை நானும்தான் துடைச்சுப் பூ வச்சேன். இப்படி ஒரு நாளும் சொல்லலையே!"

"நீ கேக்கலையே, வின்சென்ஸா."

"புனிதருக்கு வாக்குக் கொடுத்துட்டேனே..."

"அவர்கிட்ட நான் பேசிக்கிறேன். அவரும் கலோஜெரோதானே."

ஜூலை 3

சவேரியோ தனியாகப் போய் எலியோ என்று பதிந்துவிட்டு வந்தான். ஜெயித்துவிட்டேன். பிறகு ஏன் சோறு இறங்கவில்லை? மேசைவிரிப்பு என்று சொன்னேனே — மாமனார் எதிரில் உட்கார்ந்திருக்கும்போது.

ஜூலை 21

அத்தை எலியோ என்று சொல்வதே இல்லை. "குழந்தை". "சின்னது". ஒருமுறை "அது". பல்லைக் கடித்துக்கொண்டு இருக்கிறேன்.

செப்டம்பர் 29

இன்றோடு மூன்று மாதம். நான்கு நாளாக அவனுக்குக் காய்ச்சல். மூன்று மாதம் என்று வீட்டில் ஒருவரும் வாய்விட்டுச் சொல்லவில்லை. அத்தை என்னை உட்காரவைத்து ஊட்டினார். மாமனார் பால்கனியை விட்டு உள்ளே வரவே இல்லை.

காலையில் உடம்பு சில்லென்று ஆனது. வியர்த்துக் காய்ச்சல் விட்டிருந்தது. மார்பில் முட்டி முட்டிக் குடித்தான். குடித்து முடித்து நெற்றியைச் சுருக்கி, என்னவோ நான்தான் தாமதம் செய்ததுபோல் என்னை முறைத்தான்.

"போதுமா, கலோ?" என்றேன். எங்கிருந்து வந்தது அந்தப் பெயர்? தெரியாது. "நல்லாக் குடி. நீ கிழவனாகணும்டா, கலோ."

பால்கனியிலிருந்து குரல் வந்தது. "என்னம்மா?"

"உங்களை இல்ல மாமா."

பிறகு, மெதுவாக, "சரி" என்றார்.