உப்பு குறைந்த சேதி

மதிப்புக்குரிய டீச்சர் அவர்களுக்கு,

வணக்கம். உங்கள் கடிதம் வந்தது. எனக்கு எழுத்துக் கூட்டித்தான் படிக்க வரும். வேறு யாரையும் படித்துக் காட்டச் சொல்ல மனம் வரவில்லை. அதனால் பதில் எழுத நாளாகிவிட்டது. பிழை இருந்தால் சிவப்பு மை போடாமல் படியுங்கள்.

புது ஊர், புதுப் பள்ளிக்கூடம், அறையில் தண்ணீர் கலங்கலாக வருகிறது என்று எழுதியிருந்தீர்கள். காய்ச்சிக் குடியுங்கள். நான் மறுபடியும் வேலைக்குப் போகிறேன். அதே ஆஸ்பத்திரி, அதே சலவைக்கூடம். மெஷின் போடுகிற சத்தத்தில் யாரும் துக்கம் விசாரிக்க முடியாது. அது ஒரு நிம்மதி. சூப்பர்வைசர் என்னை ஈரத்துணி தூக்க விடுவதில்லை, தலையணை உறை மடிக்கச் சொல்கிறார்.

கடிதம் முழுக்க என்னை அம்மா அம்மா என்று எழுதியிருக்கிறீர்கள். உங்களை மகளாக நினைத்து நீ, வா, போ என்று கூப்பிடச் சொல்கிறீர்கள். எனக்கு அது வரவில்லை டீச்சர்.

என் பெண் உங்கள் வகுப்புக்கு வந்த புதிதில் பையைக்கூடக் கழற்றாமல், "அம்மா, எங்க மிஸ்ஸ மிஸ்னு கூப்பிட்டா தலையில குட்டு விழும். அக்கான்னுதான் கூப்பிடணுமாம்" என்றாள். "அப்போ பாடம் யாருடி நடத்துவா, உங்க பாட்டனா?" என்று கேட்டேன். விழுந்து விழுந்து சிரித்தாள். மத்தியானத்தில் மாடிப்படிக்குக் கீழே பெண்களோடு வட்டமாக உட்கார்ந்து, எல்லாருடைய டப்பாவிலும் கை விடுவீர்களாம். ஒருநாள், "ஏ முயலு, உங்கம்மா இன்னிக்கும் உப்புப் போட மறந்துட்டாங்கடி, போய்ச் சொல்லு" என்றீர்களாம். ஓட்டக்காரி என்பதால் அவளுக்கு நீங்கள் வைத்த பெயர் முயலு. நானும் சிரித்தேன். மறுநாள் ஒரு சிட்டிகை கூடவே போட்டேன். அப்பா இல்லாத பிள்ளை, நானும் பாதி நாள் வேலையில் கிடக்கிறேன், அக்கா மாதிரி ஒருத்தி கிடைத்தாளே என்று எனக்குப் பெருமைதான்.

வட்டத்தில் பேசுவது வட்டத்தை விட்டு வெளியே போகக் கூடாது என்று உங்களுக்குள் சத்தியம் இருந்ததாமே. அதையும் அவளே சொன்னாள். வயசுப் பெண்கள், யார் யாரைப் பார்த்தான் என்று பேசுவார்கள் என்று விட்டுவிட்டேன்.

அவளை எடுத்து, எல்லாம் முடிந்த மறுநாள் நீங்கள் என் மடியில் விழுந்து அழுதபோதுதான் அந்தச் சத்தியத்துக்குள் என்ன இருந்தது என்று தெரிந்தது. "ஓடினா கண்ணு இருட்டுதுக்கா, நெஞ்சு படபடன்னு அடிக்குது. அம்மாகிட்ட சொல்லாதீங்க, போட்டிக்கு விடமாட்டாங்க" என்று அவள் கெஞ்சினாள் என்றீர்கள். "சரிடி, சொல்லல, ஆனா ஒழுங்கா சாப்பிடணும்" என்று நீங்கள் வாக்குக் கொடுத்தீர்கள். பிறகு மைதானத்திலேயே மயங்கி விழுந்தாள். தண்ணீர் தெளித்து, குளுக்கோஸ் கரைத்துக் கொடுத்து, அப்போதும் வாக்கைக் காப்பாற்றினீர்கள். நீங்கள் இதைச் சொல்லச் சொல்ல என் கை உங்கள் முதுகைத் தடவிக்கொண்டே இருந்தது. காதில் விழுந்தது, மனசுக்குப் போய்ச் சேரத்தான் நாளானது.

நான் துவைக்கிற விரிப்பில் பாதி இருதய வார்டிலிருந்து வருகிறது டீச்சர். லிஃப்டில் ஏறினால், கடைசியாக விழுந்தபோது அவளைப் பார்த்த டாக்டரின் அறை. முதல் மயக்கத்திலேயே கூட்டி வந்திருந்தால் ஏதாவது செய்திருக்கலாம் என்று அவர் சொன்னார். ஏதாவது என்றால் என்ன என்று நான் கேட்கவில்லை.

உப்பு குறைந்ததைச் சொல்லி அனுப்பினீர்கள். பிள்ளை விழுந்ததைச் சொல்லி அனுப்பவில்லை.

இப்போது பள்ளிக்கூடத்தில் அக்கா, அண்ணா, வாடி, போடி எதுவும் கூடாதாம். டீச்சர்மார் பிள்ளைகளோடு சாப்பிடவும் கூடாதாம். பெரிய டீச்சர் கூட்டம் போட்டுச் சொன்னாராம். என் பெண்ணோடு போட்டிகளில் ஓடின பெண் வந்து அழுதாள். "அவங்க மேல தப்பில்ல ஆன்ட்டி, அவங்க எங்க ஃப்ரெண்டு" என்றாள். ஃப்ரெண்டு என் பெண்ணுக்கு வகுப்பு நிறைய இருந்தார்கள். டீச்சர்தான் ஒருத்தியும் இல்லாமல் போனாள்.

என் மேல் தப்பில்லை என்று ஒரு வரி எழுதுங்கள், அப்போதுதான் தூக்கம் வரும் என்று கேட்டிருக்கிறீர்கள். அதை எழுதத்தான் உட்கார்ந்தேன். கை போகவில்லை. அவள் மேல் உயிரையே வைத்திருந்தீர்கள், அதை எந்தச் சாமி முன்னால் வேண்டுமானாலும் சொல்வேன். மற்றதைக் கேட்காதீர்கள்.

நான் கேட்பது ஒன்றுதான். அங்கேயும் ஒருத்தி வந்து கையைப் பிடித்துக்கொண்டு, அம்மாவிடம் சொல்லாதீர்கள் என்பாள். சொல்லிவிடுங்கள். அவள் உங்களைக் காட்டிக்கொடுத்தவள் என்று திட்டட்டும். வருஷம் முழுக்க முகத்தைத் திருப்பிக்கொண்டு போகட்டும். திருப்பிக்கொள்ள அந்த முகம் இருக்கும்.

உடம்பைப் பார்த்துக்கொள்ளுங்கள். தண்ணீரைக் காய்ச்சாமல் குடிக்காதீர்கள்.

இப்படிக்கு,
முயலுடைய அம்மா