துறவிகளின் சமாதித் தரை

யார்க்ஷயர்,
2.2.1970

அன்புள்ள சண்முகவடிவுக்கு, வெள்ளத்துரை எழுதுவது. ஒரு விரல் நீங்கலாக நான் நலம். நீயும் அப்பாவும் சுகந்தானா? பரளச்சியில் இந்த வருஷமாவது மழை உண்டா?

மில்லில் ஆள் குறைத்தபின் ஒரு பழைய தேவாலயத்தைத் துடைக்கும் வேலை கிடைத்தது. எழுநூறு வருஷத்துக்கு முன் வெள்ளை அங்கித் துறவிகள் கட்டியது. அலங்காரம் ஆகாது என்பது அவர்கள் சபையின் விதி. ஆகவே சிலையும் சித்திரமும் இல்லை; தூண்களும் கூர்முனை வளைவுகளும் மட்டும் இரண்டு பனை உயரம். பின்னால் ஒரு ராஜா அவர்களை விரட்டிப் பாதியை இடித்தார். குளிர்காயக் கணப்பு மூட்டக் கூடாது என்ற விதியை மட்டும் இன்றுவரை யாரும் மீறவில்லை.

தரை முழுதும் துறவிகளின் சமாதிக் கற்கள். செருப்போடு மிதிக்க மனம் வராமல் வெறுங்காலோடு ஈரத்துணி போட்டுத் துடைத்தேன். இடதுகால் சுண்டுவிரல் குளிரில் கறுத்துப்போனது, ஆஸ்பத்திரியில் எடுத்துவிட்டார்கள். வலி இல்லை. அப்பாவிடம் சொல்லாதே.

என்னோடு தங்கியிருக்கும் மல்லாங்கிணறு சீனிச்சாமி, “ஏலே, இந்தக் குளிருல அவுகளே செருப்பு மாட்டித்தாம்லே நடந்திருப்பாக! ஒனக்கு மட்டும் என்ன?” என்கிறான். பூட்ஸ் போட்டால்தான் வேலை என்று பாதிரியாரும் சொல்லிவிட்டார். எனக்குத்தான் துணிவு வரவில்லை.

நம் அய்யனார் கோயிலில் பூக்கட்டிப் பார். வெள்ளைப்பூ வந்தால் பூட்ஸ் போடலாம், சிவப்பு வந்தால் கூடாது. பதிலை யாரையும் எழுதித்தரச் சொல்லாமல், எழுத்துக் கூட்டியாவது நீயே எழுது. தபால் எடுக்க ஆள் வந்துவிட்டான்.

எந்தப் பூ வந்தாலும் வெள்ளை என்றே எழுது.

உன்,
வெள்ளத்துரை